கூரைக்குக் கீழே நடக்கும் ஆட்டம்

சவுதியில் பெண்கள் முன்னேறிவிட்டார்களாம். சாட்சி, ரியாத்தின் மன்னர் சவூத் பல்கலைக்கழக உள்ளரங்கு. 2025 நவம்பரில் வருடத்தின் முதல் எட்டு வீராங்கனைகள் அங்கே டெனிஸ் ஆடினார்கள். ஒரு ஆட்டத்திலும் தோற்காத எலெனா ரிபாகினா 52 இலட்சத்து 35 ஆயிரம் டொலருடன் ஊர் திரும்பினார். உழைத்தார், வாங்கினார், அவர்மேல் கோபமில்லை.

இலங்கையின் கலகெதரப் பக்கத்திலிருந்தும் ரியாத்துக்குப் பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். தரவரிசை கிடையாது, சப்-ஏஜென்ட் போதும். அவர்கள் ஆட்டமும் கூரைக்குக் கீழேதான், இரண்டு வருட ஒப்பந்தத்தில். எதிராளியும் கபீல் என்னும் எஜமான், நடுவரும் கபீல். பல வீடுகளில் பாஸ்போர்ட்டும் அவர் அலுமாரியில். தொழிலாளியைக் கபீலோடு கட்டிப்போடும் கபாலா முறையை 2021இல் சவுதி தளர்த்தியபோது வீட்டுப் பணிப்பெண்களை மட்டும் கவனமாக வெளியே விட்டது. பார்வையாளர் இல்லாத ஆட்டத்துக்கு விதி எதற்கு?

ரியாத்தின் அந்த டெனிஸ் இறுதிப் போட்டியை நடத்துவது, பெண்களின் உரிமைக்காக 1973இல் பிறந்த சங்கமான டபிள்யூ.டி.ஏ. சவுதி வேண்டாம் என்று முன்னாள் வீராங்கனைகள் கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் 2024 ஜனவரியில் எழுதினார்கள். அதே வருடம் இறுதிப் போட்டி ரியாத்துக்குப் போனது. பாலியல் புகார் சொன்ன சீன வீராங்கனை பெங் ஷுவாய்க்காக 2021 டிசம்பரில் சீனாவைப் புறக்கணித்து, 2023இல் அங்கேயே திரும்பிய சங்கமல்லவா? அதன் மனச்சாட்சிக்கும் இடைவேளை உண்டு.

அந்நியரை ஏசுவது சுலபம். மூதூர் ரிசானா நபீக்கை 17 வயதில், வயதைக் கூட்டிய பாஸ்போர்ட்டோடு சவுதிக்குப் பணிப்பெண்ணாக அனுப்பியவர்கள் நம் ஆட்கள். அவள் பராமரித்த குழந்தை இறந்தது, கொலைப்பழி அவள்மேல் விழுந்தது. 2013 ஜனவரி 9, ரியாத் மாகாணத்தின் தவாத்மியில் அவள் தலையை வெட்டினார்கள். பதறிய நம் அரசு, சவுதி போகும் பணிப்பெண்ணுக்குக் குறைந்தது 25 வயது வேண்டும் என்றது. 2022இல் டொலர் தீர்ந்தது. 21 போதும் என்றது. ஒரு பிள்ளையின் கழுத்துக்கு நாம் அனுட்டித்த துக்கம் ஒன்பது வருடம். போகிறவர்களுக்கு ‘ரட்ட விருவோ’, நாட்டின் வீரர்கள், என்று பட்டம் வேறு. கோப்பை தருவதில்லை, பட்டம் இலவசம்.

டபிள்யூ.டி.ஏ.வின் ரியாத் ஒப்பந்தம் 2026 வரை. அவ்வருடம் டபிள்யூ.டி.ஏ. பெரியவர்களும் நம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்து ஐயாமாரும் ஒன்றாகவே போய் இறங்கட்டும். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டு, ஆளுக்கொரு வீட்டில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் விடுங்கள். வீட்டுக்குப் பேச போன் கேட்டால், கபீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.