கடிதம் வரும்வரை

கேள்வி: சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் மூன்று சுற்று இன்டர்வியூ முடிந்தது. "செலக்ட் ஆயிட்டீங்க, ஆஃபர் லெட்டர் வரும்" என்றார் ஹெச்.ஆர். இரண்டு வாரமாகச் சத்தமே இல்லை. இதற்கிடையே வேறு இன்டர்வியூவுக்குப் போனால் துரோகமாகாதா? – வாசகி, ஈரோடு

பதில்: நிச்சயதார்த்தமே நடக்கவில்லை, அதற்குள் துரோகம் எங்கிருந்து வந்தது? தாராளமாகப் போங்கள். ஹெச்.ஆர். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் 'செலக்ட்' என்ற பிறகும் உங்கள் சம்பளத்துக்கு மேலிடத்தின் ஒப்புதல் கிடைக்க வேண்டும். அதற்குள் ப்ராஜெக்ட் கைமாறினால், வேலையும் போய்விடும். அவர்களும் உங்களுக்காக மற்ற விண்ணப்பங்களைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

கடிதம் வந்தால்கூட முழு நிம்மதி இல்லை. ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேர்கிறீர்களா என்று 2023 பிப்ரவரியில் விப்ரோ கேட்டது. கையில் இன்னொரு வாய்ப்பு வைத்திருந்தவர்களுக்குத்தானே அதற்கு 'மாட்டேன்' என்று சொல்லும் தெம்பு இருந்திருக்கும்?

இன்னொரு ஆஃபர் முந்திக்கொண்டால் இந்தச் சென்னை நிறுவனத்துக்கு ஒரு மெயில் போடுங்கள்: "வேறொரு ஆஃபருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் முடிவு என்ன?" தூங்கும் ஃபைல் பல நேரம் அதில் எழுந்துகொள்ளும். இல்லாத ஆஃபரைச் சொல்லி மிரட்ட மட்டும் வேண்டாம்; அது தப்பு. சேரப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் அன்றே தெரிவித்துவிடுங்கள், அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருப்பார். கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள்.