மதில் அழகு, மணி கோணல்

'விரிஞ்சிபுரம் மதில் அழகு' என்பது எங்கள் பக்கத்துச் சொலவடை. நான் கம்ப்யூட்டர் பார்க்கப் போகும் தோல் கம்பெனியிலும் மதிலுக்குக் குறைவில்லை. ஃபயர்வால் வந்த அன்றே பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பாஸ்வேர்டைத்தான் யாரும் மாற்றவில்லை. ரூட்டர் மேல் விரிஞ்சிபுரம் கோயில் மார்க்கபந்தீஸ்வரர் படம். வழித்துணைநாதர் ஆயிற்றே, பொருத்தம்தான்.

ஒரு திங்கட்கிழமை யாருக்கும் லாகின் ஆகவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினோம், சுவிட்சை அணைத்துப் போட்டோம். "வைரஸ்தான் சார்" என்றார் அக்கவுன்ட்ஸ்காரர். அவருக்கு ஃபேன் நின்றாலும் வைரஸ்தான். மத்தியானம்தான் கண்டுபிடித்தோம்: சர்வருக்குள் இருந்த பொத்தான் பேட்டரி செத்து, கடிகாரம் பின்னால் போயிருந்தது. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் முதலாளியையே வாசலில் நிறுத்திவிடும்.

"கோயில்ல நிழல் பார்த்து மணி சொல்ற கல்லு இருக்கே சார், பேட்டரியே வேணாம்" என்றான் ஆபீஸ் பையன். நல்ல யோசனைதான். ஆனால் இந்திய நேரத்துக்குக் கணக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகை. விரிஞ்சிபுரமோ 79-ஐ ஒட்டி. இங்கே சூரியன் சராசரியாக 14 நிமிடம் லேட். அவருக்கும் லாகின் கிடையாது.