சரிசெய்கிறேன் பேர்வழி

யேனா, ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

விண்டோஸ் கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘தானாகச் சரிசெய்யத் தயாராகிறது’ என்று சொல்லி, புள்ளிகளைச் சுழற்றி, தானே அணைந்து, திரும்ப அதையே சொல்கிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். நீ சென்னையில் இருக்கிறாய். பையில் போட்டு ரிச்சி தெருவுக்குப் போனால் திருப்புளியோடு நாலு பேர் கிடைப்பார்கள். இங்கே கடைக்காரர் முதலில் கேட்பது என்ன கோளாறு என்றல்ல. அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்றுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டப்படி கடையே பூட்டு. ஆள்கூலி அதிகம் என்பதால் பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று ஜனங்கள் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். இந்தத் தூரிங்கியா மாநிலம் 2021இல் ரிப்பேர் செலவில் பாதியை, ஆளுக்கு ஆண்டுக்கு 100 யூரோ வரை, தானே தர ஆரம்பித்தது. பழுதுபார்க்க அரசாங்கமே மொய் எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள். இப்படிப்பட்ட ஊரில், மெஷினே தன்னைச் சரிசெய்துகொண்டால் புண்ணியமாகப் போகும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சுழலில் மாட்டிய கம்ப்யூட்டருக்குச் செய்ய வேண்டிய முதல் வைத்தியம், அது செய்துகொள்ளும் வைத்தியத்தை நிறுத்துவதுதான்.

காரணம் சொல்கிறேன். தொடர்ந்து இரண்டு முறை ஒழுங்காகக் கிளம்பாவிட்டால் விண்டோஸ் மூன்றாவது முறை பழுதுபார்க்கும் பகுதிக்குப் போய்விடும். அங்கே பார்ப்பதற்கென்று ஒரு பட்டியல் உண்டு: டிஸ்க் சரியா, துவக்கக் கோப்புகள் இருக்கின்றனவா, ரெஜிஸ்ட்ரி கெட்டிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். கோளாறு பட்டியலுக்குள் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால் கைவிரித்துவிட்டு மறுபடி துவங்கும், மறுபடி விழும், மறுபடி அதே பட்டியல். தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ளும் வைத்தியர் மாதிரி, போன தடவை போட்ட ஊசி கேட்கவில்லை என்பது அதற்கு ஞாபகமே இருப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பார்த்ததை எல்லாம் அது எழுதியும் வைக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதில் லாக்ஃபைல்ஸ், அதில் எஸ்ஆர்டி என்று மூன்று கதவு தாண்டிப் போனால் ‘எஸ்ஆர்டி டிரெயில்’ என்ற கோப்பு இருக்கும். பல சமயம் அதன் கடைசி வரிகளில், இன்ன டிரைவர் கோப்பு கெட்டுவிட்டது என்று பெயரோடு போட்டிருக்கும். காரணத்தைத் தாளில் எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டு, வாசலில் புள்ளி சுற்றிக் காட்டுவது என்ன நியாயம்?

மெஷினைச் செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்பாய். 2024 ஜூலை 19ஐ நினைத்துப் பார். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. தவறைக் கண்டு 78 நிமிஷத்தில் திருத்தியும் விட்டார்கள். ஆனால் சுழலில் மாட்டியிருந்தவற்றில் பலவற்றுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. நெட்டைத் தொடுவதற்குள் அவை விழுந்துகொண்டிருந்தன. கடைசியில் அப்படிப்பட்ட ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடுக்குப் போய், அந்த ஒற்றைக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கை பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அதற்குமுன் 48 இலக்கச் சாவி வேறு. தானியங்கி எத்தனை சுற்று சுற்றினாலும் கண்டுபிடிக்காததை, காரணம் தெரிந்த ஓர் ஆள் சில நிமிஷத்தில் தீர்த்துவிட முடிந்தது.

தானாகச் சரிசெய்வதை நிறுத்துவது ஆபத்தில்லையா என்றால், காரணம் தெரியும்வரைதான் நிறுத்தச் சொல்கிறேன். பழுதுபார்க்கும் திரையில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திற. அங்கே நோட்பேட் என்று அடித்தால் நோட்பேட் வரும். அதன் ‘ஓப்பன்’ ஜன்னலில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொல்லி, அம்மாவின் போட்டோக்களை முதலில் பென் டிரைவுக்குக் காப்பி செய்துவிடு. அங்கே சி டிரைவ் சில சமயம் டி என்று பெயர் மாறி நிற்கும், பதறாதே. பிறகு பிசிடி எடிட் கட்டளையில் ‘ரெகவரி எனேபிள்டு’ என்பதற்கு நோ கொடு. அடுத்த முறை ஒன்று விண்டோஸ் ஒழுங்காகக் கிளம்பும், அல்லது பெரும்பாலும் திரையில் கோளாறின் பெயர் தெரியும். இரண்டுமே லாபம். வேலை முடிந்ததும் திரும்ப யெஸ் கொடுத்துவிடு. உன் கீபோர்டில் இதெல்லாம் சுலபம். இங்கே ஜெர்மன் கீபோர்டை வைத்துக்கொண்டு அமெரிக்க அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சாய்கோடு போடுகிற இடத்தில் ‘அண்ட்’ குறி விழும். சாய்கோடோ சிறுகோட்டு விசைக்குள் ஒளிந்திருக்கும். கட்டளைகளில் பாதிக்குச் சாய்கோடு வேண்டும்.

இவ்வளவு எதற்கு, ஃபார்மேட் அடித்தால் ஆயிற்று என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். மென்பொருள் கெட்டிருந்தால் சரிதான். டிஸ்க்கே சாகக் கிடந்தால் ஃபார்மேட்டும் பாதியில் நிற்கும், உள்ளே இருந்ததும் போகும். ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்று ரீசெட் செய்தாலும் நீ போட்ட மென்பொருள்கள் போய்விடும். எது கெட்டது என்று தெரியாமல் ஃபார்மேட் அடிக்கிறவனுக்கும் காரணம் தெரியாமல் சுற்றுகிற மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே வரிசை இதுதான்: காப்பி எடு, நிறுத்து, காரணத்தைப் படி, அப்புறம் கைவை. படித்தும் புரியவில்லையா, அந்த ‘எஸ்ஆர்டி டிரெயில்’ கோப்பின் கடைசிப் பத்து வரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கே போ. கோளாறின் பெயரோடு வருகிறவனிடம் ‘மதர்போர்டு போச்சு சார்’ என்று சொல்ல அங்கேயும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணன்