பண்டார் தெங்காராவின் 36: ஒரு மறைகுழுச் சின்னத்தின் மெய்ம்மை ஆய்வு

ஆய்வுப் பொருள், லோரியிலிருந்து சாலையோரம் உருண்டு விழுந்த ஒரு செம்பனைக் குலை. அதன் காம்பில் சிவப்பு மையால் 36 என்று எழுதியிருந்தது. காம்பின் நுனி முக்கோணமாக வெட்டப்பட்டிருந்தது. யாரோ படமெடுத்துப் புலனக் குழுவில் போட்டார். தே தாரிக் ஆறுவதற்குள் "கேங் நம்ம ஊருக்கும் வந்தாச்சு" என்று முடிவாகிவிட்டது. ஊர்ப்பேச்சை அப்படியே ஏற்பது ஆய்வு மரபல்ல என்பதால் இக்கட்டுரை.

ஊரார் தரப்பை இலேசாக எண்ணிவிட முடியாது. 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 குண்டர் கும்பல்களின் பட்டியலில் 04, 08 ஆகியவற்றோடு 36உம் உண்டு. (அவற்றில் நம் வீட்டுப் பிள்ளைகளும் சிக்கியிருப்பது சிரிப்பதற்கான சேதியல்ல, அது வேறு கட்டுரை.) எண்ணின் வேரும் ஆழமானது. சீனர்களின் வானம்-பூமிச் சங்கத்தில் சேருகிறவன் 36 சத்தியங்கள் செய்தாக வேண்டும். 1866இல் பத்தாவியாவில் அச்சான குஸ்தாவ் ஷ்லேகலின் நூல் அச்சங்கத்தின் சடங்குகளை விரிவாகவே சொல்கிறது. சங்கத்தின் சின்னமோ முக்கோணம்: வானம், பூமி, மனிதன். எண்ணும் பொருந்தியது, கோணமும் பொருந்தியது. இதற்குப் பிறகும் நிம்மதியாகத் தூங்குகிறவன் ஆய்வாளனே அல்ல.

இனி, போலிச் சின்னத்தை எப்படி அறிவது? போலிக்கு அலங்காரத்தில் ஆசை அதிகம். பிரீமேசன்களுக்குள் சாத்தானை வணங்கும் 'பல்லாடியம்' என்றோர் உட்குழு இயங்குவதாகப் பாரிசில் லியோ தக்சில் என்பவர் ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஆட்டுத்தலைச் சாத்தான் முதல் சகலமும் அதில் இருந்தன. படித்தவர்கள், பாதிரிமார்கள் எல்லாரும் நம்பினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று அவரே கூட்டம் கூட்டி, அத்தனையும் தன் கைச்சரக்கு என்று அறிவித்தார். மாறாக, 1867இல் பினாங்குத் தெருக்களில் மோதிக்கொண்ட முஸ்லிம் சங்கங்களுக்குச் செங்கொடி, வெண்கொடி என்பதே பெயர். ஒரு துணி, ஒரு நிறம். அங்கே ஓடிய இரத்தமோ மெய்.

இதிலிருந்து இவ்வாய்வாளர் ஒரு விதி வகுத்தார்: சின்னம் எளிதாக ஆக ஆக, சங்கம் மெய்யாக ஆகும். விதி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன்படி சாலையோர மின்கம்பங்கள் ஒவ்வொன்றும் ஒரு கொலைகாரச் சங்கம். எண் இல்லாத கம்பம் ஏது?

ஆகவே கள ஆய்வு. கோப்பிக்கடையில் இருந்த ஓய்வுபெற்ற கிராணி ஒருவரிடம் படம் காட்டப்பட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது பழம் வெட்டுற ஆளோட நம்பர். வெட்டிப் போட்ட குலையை அடுக்கி, காம்புல நம்பரைப் போட்டாத்தான் அது அவன் கணக்குல ஏறும்."

"முக்கோணம், ஐயா?"

"காம்பு நீளமா இருந்தா ஆலையில எண்ணெயைக் குடிச்சிரும். அதான் கொத்தி எடுக்கிறது."

ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட காம்பைத் தரம் பிரிப்பவர்கள் குறையாகவே கணக்கிடுவார்கள். வானம், பூமி, மனிதன் மூவரும் இப்படி ஒரு கோடரி வெட்டில் முடிந்துபோனார்கள். காட்டை அழித்து ஊராக்க 1972இல் அமைந்த கெஜோரா வாரியத்தின் ஊர் இது, சுற்றிலும் செம்பனை. இத்தகைய சின்னங்கள் லோரி லோரியாக ஆலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி முக்கோணச் சங்கத்தின் கொடியோ முத்திரையோ கையில் இருந்தாலே குற்றம். புலனக் குழுவின் வாதம் சரியென்றால் முதலில் உள்ளே போக வேண்டியவர் லோரி டிரைவர்.

தீர்ப்பு: எண் மெய், சங்கம் பொய். குழு நிர்வாகிக்கு ஒரு வேண்டுகோள். படத்தை நீக்க வேண்டாம். அடியில் 'பழம் வெட்டுபவரின் எண்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 08 எழுதிய குலையும் எந்த நேரத்திலும் விழலாம்.