முழுங்காதீங்க!

கேக் வெட்டியாகிவிட்டது. முதல் துண்டு அப்பா வாய்க்கும் அம்மா வாய்க்கும் போய்விட்டது. காகிதத் தட்டுகள் கைக்குக் கை நகர்கின்றன. எங்கள் அடுக்ககத்து அக்கா ஒருவர் தன் தட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். கேக்கைத் தொடமாட்டார். மேலே இருக்கும் கிரீமை மட்டும் ஸ்பூன் நுனியால் சுரண்டி நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். பக்கத்தில் இருப்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும், இனி சமோசா ஆறத்தான் போகிறது என்று.

"முழுங்காதீங்க. நாக்கை மேலண்ணத்துல வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க. வழவழன்னு ஒரு படலம் நிக்குதா?"

நிற்கிறது. நிற்காமல் எங்கே போகும்?

"அதான். இது கிரீமே இல்ல. பாமாயில்."

அந்த வரிசை முழுக்க இந்தப் பரிசோதனை பரவும். எதிர்வீட்டுத் தாத்தா பல்செட்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத் தேய்த்துப் பார்ப்பார். புதிதாகக் குடிவந்த தம்பதி, மரியாதைக்காகத் தேய்ப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது செல்போனைத் தூக்கிக்கொண்டு "எல்லாரும் இங்க பாருங்க" என்பார்கள். எங்கள் அடுக்ககத்தில் எடுத்த பிறந்தநாள் படம் எதை எடுத்துப் பார்த்தாலும், பின்வரிசையில் பெரியவர்கள் எல்லோரும் வாயை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற முகத்தோடு நிற்பார்கள். காரணம் அக்கா.

எரிச்சல் என்னவென்றால், அக்கா சொல்வது சரி. பேக்கரி கேக்கின் மேல் இருப்பது பெரும்பாலும் பாலில் எடுத்த கிரீம் அல்ல. கெட்டிப்படுத்திய பாம் எண்ணெய் வகை ஒன்றைச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து நுரைக்க அடித்தது. விலை குறைவு, அதைவிட முக்கியம், சென்னை மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் ஹாலில் மெழுகுவத்தி ஏற்றி, லேட்டாக வரும் மாமாவுக்காகக் காத்திருந்தாலும் ரோஜாப்பூ ரோஜாப்பூவாகவே நிற்கும். பால் கிரீம் என்றால் மாமா லிஃப்டில் ஏறும்போதே மேஜைவிரிப்பில் இறங்கியிருக்கும். இந்த இரண்டாவது பாதியை அக்கா சொல்லமாட்டார்.

சொல்லமாட்டார் என்பதற்குக் காரணம் உண்டு. தன் பெண்ணின் பிறந்தநாளுக்கு ஒருமுறை அசல் கிரீமே அடித்துப் பார்த்தார். கடையில் டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அடித்தால் நிற்பதற்கு 30-க்கு மேலாவது வேண்டும். ஐஸ் தட்டின் மேல் கிண்ணத்தை வைத்துக் கை ஓயும்வரை அடித்தார். மோராகவே இருந்தது. அன்றிலிருந்து "கேக்னா கேக் ருசிதாங்க தெரியணும், மேல எதுக்குப் பூச்சு?" என்பது அவர் கட்சி.

அடுத்த வருஷம் அந்தப் பெண் கேக்கில் கார்ட்டூன் பட எல்சா கேட்டாள். நீலக் கவுன் போட்ட எல்சா. கடைக் கலர் அக்கா வீட்டுப் படியேறாது. சங்குப்பூவை ஊறவைத்துச் சாறெடுத்தார். ராகி மாவு, நாட்டுச் சர்க்கரை, முட்டைக்குப் பதில் தயிர், தயிரோடு சேர்ந்து பொங்கட்டும் என்று சோடா உப்பு கொஞ்சம் தாராளமாக. கவுனுக்காகத் தனியே எடுத்துவைத்த மைதாக் கலவையில் சங்குப்பூச் சாற்றை ஊற்றினார். சங்குப்பூ நீலம் எலுமிச்சையைக் கண்டால் ஊதாவாகும், சோடா உப்பைக் கண்டால் பச்சைக்குப் போகும். எல்சா பாசிபிடித்த கவுனோடு வந்து இறங்கினாள். நடுவில் அமுங்கிய இடத்தில் மாதுளை முத்துக்களைக் கொட்டி மூடியிருந்தார். "இயற்கைன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றார். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் மாடியில் நடந்த வேறொரு பிறந்தநாளில், பாமாயில் ரோஜா இரண்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நாக்குப் பரிசோதனைக்கு முன்னால் அக்காவின் மற்ற பழக்கங்கள் சின்னவை. கிலோ என்ன விலை என்று கேட்பார். கேக்குக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து "குறைச்சுப் போட்டாங்களா, பில்லைப் பாத்தீங்களா?" என்றும் சேர்த்துக் கேட்கிறார். யாராவது வாட்ஸப் குழுவில் பிறந்தநாள் அழைப்பு போட்டால், அடுத்த அரை மணியில் கர்நாடகச் செய்தி வந்து விழும். 2024-இல் அங்கே உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்து, 12-இல் ஆகாத செயற்கை நிறங்கள் இருப்பதாகச் சொன்னது. மீதி 223 சரியாக இருந்தது அக்காவின் ஃபார்வர்டில் வராது.

அக்கா இல்லாமல் விழா நடக்காது என்பதும் உண்மை. பலூன் ஊத முதல் ஆளாக வருவார். ஒரு கிலோ வட்டக் கேக்கை இருபத்தைந்து பேருக்குச் சண்டை வராமல் துண்டுபோட அவரை விட்டால் ஆளில்லை. தான் திட்டிய கேக்கை ஒரு துணுக்கு வீணாகாமல் வாட்ச்மேன் வரைக்கும் பங்கிட்டுவிட்டுத்தான் கையைக் கழுவுவார்.

ஆனால் போன மாதம் இரண்டாவது மாடியில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பிறந்தநாள் பையனின் அம்மா ஆபீஸிலிருந்து நேராக பேக்கரிக்குப் போய், ஸ்கூட்டியில் கேக் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் கால் ஊன்றி ஊன்றி வந்து சேர்ந்திருந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. அக்கா நாக்கைத் தேய்த்துவிட்டு, "வருஷத்துக்கு ஒரு நாள்தானேம்மா, நீயே செஞ்சிருக்கலாமே" என்றார். மூக்கில் கிரீமோடு நின்ற பையன் அம்மாவைப் பார்த்து, "என் கேக் கெட்டதாம்மா?" என்று கேட்டான். அந்தப் பையனின் அப்பா அங்கேதான் உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து "நீங்க செஞ்சிருக்கலாமே" என்று அக்கா கேட்கவில்லை. இத்தனை பிறந்தநாளில் எந்த அப்பாவையும் கேட்டதில்லை. பாமாயிலைவிட எனக்கு அதுதான் தொண்டையில் நிற்கிறது.

இந்த ஞாயிறு எங்கள் வீட்டில் விழா. ஒரு கிலோ வனிலா, மேலே டைனோசர், கடையில் சொல்லியாகிவிட்டது. என் மனைவி ஒரு திட்டம் வைத்திருக்கிறாள்: முதலில் பஜ்ஜி, அக்கா தட்டில் நாலைந்து சூடாக விழட்டும், அவர் வாய் ஓய்வதற்குள் கேக்கை வெட்டிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று. நேற்று லிஃப்டில் அக்காவிடம் பேச்சுவாக்கில் பஜ்ஜி என்று சொல்லிவிட்டாளாம்.

"எந்த எண்ணெய்?" என்று கேட்டிருக்கிறார்.