மேகம் லாரியில் வந்தது

மேகம் என்றால் மேலே மிதக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். 2016 நவம்பர் இறுதியில், லாஸ் வேகாஸில் நடந்த அமேசானின் ‘ரீஇன்வென்ட்’ மாநாட்டில் அது லாரியில் வந்து இறங்கியது. கதையில்லை, அமேசானின் மேகக் கணிமைப் (கிளவுட்) பிரிவின் அப்போதைய தலைவர் ஆண்டி ஜாஸி பேசிக்கொண்டிருந்த மேடைக்கே 45 அடி கன்டெய்னரோடு நிஜ லாரி ஒன்று உருண்டு வந்தது. பெயர் ஸ்னோமொபைல். கொள்ளளவு 100 பெட்டாபைட்.

காரணம் சாதாரணக் கணக்குதான். அவ்வளவு தரவையும் மேகத்துக்கு விநாடிக்கு 10 கிகாபிட் இணைப்பில் அனுப்பினால் இரண்டரை ஆண்டு ஆகும். கல்யாணச் சீர் மாதிரி வண்டியில் ஏற்றி அனுப்பினால் சில வாரங்களில் போய்ச் சேர்ந்துவிடும். இணையம் இத்தனை வளர்ந்தும் கடைசியில் டிரைவர்தான் கைகொடுத்தார்.

பெயர் ஒன்று, நிஜம் வேறொன்று என்பது இங்கே புதிதல்ல. இதே மாநாட்டின் 2014 பதிப்பில் வந்தது லாம்ப்டா; சர்வரை நாம் கவனிக்காமலே நம் நிரலை ஓட்டித் தரும் சேவை. பிறகு இந்த வகைக்கு ‘சர்வர்லெஸ்’ என்ற பெயர் நிலைத்தது. சர்வர் இல்லாமலில்லை; எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது நம் கண்ணில் படாது, பில் மட்டும் தவறாமல் படும். ஆரம்பத்தில் 100 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கிக் காசு எண்ணினார்கள். பார்த்தால் ஆட்டோ மீட்டரே வெட்கப்படும்.

மேடையேறிய லாரி என்னவாயிற்று? 2024-ல் சேவைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். அதற்கு மேடை போடவில்லை, விளக்கும் போடவில்லை.

ஆகவே அடுத்த மாநாட்டில் கைதட்டுங்கள், தப்பில்லை. ஒரு கையை மட்டும் சட்டைப்பை மேலேயே வைத்திருங்கள்.