எரிவாயு நோக்குநர் இயல்

வகைப்படுத்துவது திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு பிழைப்பு. (2019 நவம்பர் 28 முதல் தனி மாவட்டமான திருப்பத்தூரைச் சொல்கிறோம், சிவகங்கைத் திருப்பத்தூரார் பொறுத்தருள்க.) ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைத் தரம் பிரிப்பவர் அதை விரித்து, கத்திக் காயம், ஓட்டை, உண்ணிக்கடி பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று நொடியில் ஒதுக்கிவிடுவார். அதே ஊரில் வீட்டு கேஸ் அடுப்பைச் சோதிப்போரை மட்டும் எவரும் தரம் பிரிக்கவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல்.

குளிர்நாட்டார் வீட்டைச் சூடாக்க எரிவாயு உலை வைத்து, ஆண்டுதோறும் ஆள் அழைத்துச் சோதிப்பர். நமக்குச் சூடாக்கும் வேலையைச் சித்திரை வெயில் இலவசமாகச் செய்துவிடுகிறது. ஆகவே 14.2 கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு ஆகிய நான்கே இந்நூலின் எல்லை. இனிச் சூத்திரம்:

மூக்கர் குச்சியர் நுரையர் தேதியர்
போக்கர் எனவிவர் ஐவகைப் படுமே.

மூக்கர் பெரும்பான்மையர் ஆதலின் முன் வைக்கப்பட்டனர். "கசிஞ்சா வாடை வராதா?" என்பதே இவர்தம் முழுச் சோதனை. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த சமையல் வாயுவுக்குத் தனக்கென்று வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். துளியளவே மூக்கைத் துளைக்கும். இதுவரை மூக்கர் கட்சி சரி.

ஆனால் இந்நிலத்து மூக்கு தனி ஆராய்ச்சிக்குரியது. தோலின் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கும் ஊர்கள் இவை. கழிவுநீரிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடும் கந்தகக் குடும்பத்துப் பிள்ளைதான். ஒரே வாடையில் தொடர்ந்து கிடக்கும் மூக்கு சற்று நேரத்தில் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வெளியூர் விருந்தாளி கைக்குட்டையைத் தேடும் இடத்தில் உள்ளூர்க்காரர் "என்ன வாடை?" என்று உண்மையாகவே கேட்பது இதனால்தான். எனவே மூக்கர் பழகிய மூக்கர், சளி மூக்கர், ஷூ கம்பெனியில் பகலெல்லாம் சொல்யூஷன் தடவிவிட்டு வந்த களைத்த மூக்கர், கொரோனாவுக்குப் பின் மோப்பம் முழுதாகத் திரும்பாத மூக்கர் என நால்வராவர். அற்றேல், ஊரே மூக்கை நம்பித்தானே வாழ்கிறது எனின், அறியாது கடாயினாய். வாடை வந்தால் கசிவு உண்டு என்று கொள்ளலாம். வாடை வராததால் கசிவு இல்லை என்பது பெறப்படாது.

குச்சியர், தீக்குச்சி கிழித்துக் கசிவைத் தேடுவோர். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாயு கலந்தாலே பற்றும் என்பதால் இவர் சோதனையில் விடை உடனே கிடைக்கும். இவ்வகைக்கு உட்பிரிவு வகுக்கப்படவில்லை. வகுக்கும் அளவுக்கு இவர்கள் நீடிப்பதில்லை.

நுரையரே முதல் தரம். அடுப்பின் திருகுகளை மூடிவிட்டு, ரெகுலேட்டரைத் திறந்து, சோப்பு நுரையை டியூபின் இரு முனைகளிலும் ரெகுலேட்டர் மாட்டும் இடத்திலும் தடவி, குமிழ் ஊதிப் பெருக்கிறதா என்று பார்ப்பர். குமிழ் வந்தால் டியூபோ வாஷரோ மாற்ற வேண்டும் என்று பொருள். செலவு, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஒரு கிள்ளு. சுடர் பார்ப்பதும் இவர் கடனே. நீலமாக எரிந்தால் நலம். மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால் பர்னர் துளையில் பொங்கிய கஞ்சி அடைத்திருக்கும், அல்லது காற்று போதாமல் இருக்கும். அடைத்த சமையலறையில் அரைகுறையாக எரியும் வாயு கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு வாடையே இல்லை என்பதை மூக்கர் கவனிக்க. ஆம்பூர் பிரியாணி வேகும் விறகடுப்பில் மஞ்சள் சுடருக்கு உள்ள மரியாதை கேஸ் அடுப்பில் செல்லாது.

தேதியர் அருகிய இனம். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறத்தில் 'பி-28' என்பதுபோல் எழுதியிருப்பதைக் குனிந்து படிப்பர். ஏ, பி, சி, டி ஆண்டின் நான்கு காலாண்டுகள். பி-28 என்றால் 2028 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த உருளையை மறுசோதனைக்கு உட்படுத்த வேண்டும். அது கேஸ் கெட்டுப்போகும் தேதி என்று நினைப்போர் போலித் தேதியர். கம்பி வலை பொதிந்த ஆரஞ்சு டியூபின் மேலும் ஆண்டு அச்சாகியிருக்கும். அதற்கு ஆயுள் ஐந்து ஆண்டு. டியூபுக்கு அழகாகத் துணியுறை தைத்துப் போட்டவர் இதைப் படிக்கவும் முடியாது, வெடிப்பைப் பார்க்கவும் முடியாது.

போக்கர், நாளைப் போக்குவோர். "அண்ணே, போறதுக்கு முன்னாடி சீல் பிரிச்சு செக் பண்ணிடுங்க" என்று சிலிண்டர் கொண்டுவருபவரிடம் ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு வாய் வராது. எடை போட்டுக் காட்டுவதும் கசிவு பார்த்துத் தருவதும் அவர் வேலை. கேட்டால் செய்வார்.

புறனடை: இந்த வாயு காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையில் படரும். ஆகவே கசிவு தெரிந்தால் உயரத்து ஜன்னலை மட்டும் நம்பாமல் கதவைத் திறக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடுக, தீயை அணைக்க, சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஃபேன் கூடாது. வீட்டுக்கு வெளியே வந்தபின் 1906-ஐ அழைக்க. எந்த எண்ணெய் நிறுவனத்தின் சிலிண்டருக்கும் இதே எண்தான். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.